பெயர் எழுதினால்தான் பாட்டு கிடைக்கும்

அலமாரியில் இருந்த சி.டி.க்களையெல்லாம் கணினியில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். சில மாதம் கழித்து ஒரு பாட்டைத் தேடும்போது, ‘டிராக் 05’ என்ற பெயரிலேயே வரிசையாக ஃபைல்கள் வந்து நிற்கின்றன. வீட்டு இசைத் தொகுப்பு நம் சொல்பேச்சு கேட்க வேண்டுமானால், விலை உயர்ந்த கருவிகளுக்கு முன்பாகத் தேவைப்படுவது ஒழுங்காக எழுதிய பெயர்கள்.

எடுப்பதை முழுதாக எடுங்கள்

சி.டி.யில் ஒலி விநாடிக்கு 44,100 மாதிரிகளாக, 16 பிட் அளவில் பதிவாகியிருக்கிறது. எம்.பி.3 ஆக்கினால் அதில் ஒரு பகுதி கழிந்துபோகும், மீட்க முடியாது. 2001-இல் வெளிவந்த ஃப்ளாக் வடிவமோ எதையும் இழக்காமல் ஃபைலை ஏறத்தாழப் பாதியாகச் சுருக்குகிறது. ஒரு சி.டி.க்கு 300 முதல் 400 எம்.பி. என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் சி.டி.க்கள் சேர்ந்தாலும் ஒரு டி.பி. ஹார்டு டிஸ்கில் பாதிகூட நிரம்பாது. ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’ என்ற இலவச மென்பொருள், கீறல் விழுந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும். அதே சி.டி.யிலிருந்து மற்றவர்கள் எடுத்த பதிவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கவும் அதில் வசதி உண்டு. சி.டி. டிரைவ் உள்ள கணினிகள் அருகிவரும் காலம் இது. மறுபடி எடுக்கத் தேவையில்லாதபடி எடுத்துவிடுவதே நல்லது.

சினிமாப் பாட்டுக்குத் தனி வரிசை

ஒரு பாடகர், ஒரு ஆல்பம் என்ற மேலைநாட்டு வழக்கத்தை வைத்தே பெரும்பாலான மென்பொருள்கள் அமைந்திருக்கின்றன. நம் படங்களில் பாட்டுக்குப் பாட்டு பாடகர் மாறுவார். அதனால் ஒரே படம் ஐந்தாறு ஆல்பமாகச் சிதறிவிடுகிறது. இதற்கு எளிய மருந்து இருக்கிறது: ‘ஆல்பம்’ என்ற இடத்தில் படத்தின் பெயர், ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ இடத்தில் இசையமைப்பாளர், ‘ஆர்ட்டிஸ்ட்’ இடத்தில் பாடகர்கள். ஒரே தட்டில் இரண்டு, மூன்று படங்கள் இருந்தால் படவாரியாகப் பிரித்துவிடுங்கள். பாடலாசிரியர் பெயரையும் விட்டுவிடாதீர்கள். அதை எழுதிவைத்தால்தான் ஒரு மாலை முழுக்கக் கண்ணதாசனையோ வாலியையோ கேட்க முடியும். இளையராஜாவின் பெயரை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதுகிறார்கள். ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் கணினி வேறு வேறு ஆளாகவே எண்ணும். ஒன்றைத் தேர்ந்து, அதிலேயே நில்லுங்கள்.

ராகத்துக்கும் இடம் உண்டு

ஃப்ளாக் ஃபைலில் நமக்கு வேண்டிய தலைப்பை நாமே உருவாக்கிக்கொள்ளலாம். தலைப்பு ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். உள்ளே தமிழிலேயே எழுதலாம். ராகம், தாளம், பக்கவாத்தியம் என்று தலைப்புகளைச் சேர்த்துவிட்டால், கல்யாணி என்று தேடும்போது தியாகராஜரின் ‘நிதி சால சுகமா’வும் இளையராஜாவின் ‘ஜனனி ஜனனி’யும் அடுத்தடுத்து வரும். ‘எம்.பி.3 டேக்’ மென்பொருளில் நூறு ஃபைல்களுக்கு ஒரே மூச்சில் பெயர் எழுதலாம்.

பெயர்கள் சரியாகிவிட்டால் மற்றது சுலபம். பழைய கணினியிலோ ‘ராஸ்பெர்ரி பை’ என்ற சிறு கணினியிலோ ‘நேவிட்ரோம்’ அல்லது ‘ஜெல்லிஃபின்’ மென்பொருளை நிறுவினால், வீட்டில் எல்லோருடைய ஃபோனிலும் தொகுப்பு ஒலிக்கும். ஹார்டு டிஸ்க் ஒருநாள் பழுதாகும் என்பது நிச்சயம். ஒரு நகல் வீட்டிலும் இன்னொன்று உறவினர் வீட்டிலும் இருக்கட்டும்.

உறையைத் தூக்கி எறியும் முன்...

கச்சேரியில் வயலின் வாசித்தவர் யார், மிருதங்கம் யார் என்பது பல நேரம் அந்தச் சி.டி. உறையில் மட்டுமே அச்சாகியிருக்கும். உறை போனால் அந்தக் கலைஞரின் உழைப்புக்கான சாட்சியும் போய்விடும். ‘மியூசிக்பிரெய்ன்ஸ்’ என்ற திறந்த தகவல் தளத்தைத் தன்னார்வலர்களே நிரப்புகிறார்கள். அதில் யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். உங்கள் கையிலுள்ள உறையைப் பார்த்து அங்கே பதிந்துவையுங்கள். அதே சி.டி.யை நாளை வேறொருவர் கணினியில் போடும்போது, வாசித்தவர் பெயர் அவருக்கும் கிடைக்கும்.