காங்கேயமும் கொறங்காடும்



கொங்கு மண்டலத்தைச் சான்றோர் 24 நாடுகளாக வகுத்தனர். அவற்றுள் ஒன்று காங்கேய நாடு. அப்பெயர் விளங்கும் காங்கேயம், வடக்கே நொய்யலுக்கும் தெற்கே அமராவதிக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்தில் அமைந்துள்ளது. பழைய கோவை மாவட்டத்து ஊராகிய இது, 1979-இல் பெரியார் மாவட்டத்தையும் 2009-இல் திருப்பூர் மாவட்டத்தையும் சேர்ந்தது. மாவட்டம் மாறினும் மண் மாறவில்லை.

இவ்வூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. இரு பக்கமும் ஆறு இருந்தும் மேட்டுக்கு நீர் ஏறாது. அப்படியாயின் இங்கு மக்கள் வாழ்ந்தது எவ்வாறு? கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தாலேயே என்பேன்.

கொறங்காட்டுக்கு மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது கொழுக்கட்டைப் புல். வறட்சியில் காய்ந்து கிடப்பினும் ஒரு மழை பெய்தால் துளிர்த்துவிடும். இரண்டாவது வெள்வேல மரம். வெயிலில் நிழல் தரும். கோடையில் அதன் காய் தீவனமாகும். மூன்றாவது முள் கிளுவை. கிளையை வெட்டி நட்டாலே உயிர்வேலியாகிவிடும். காட்டைப் பல அடைப்புகளாகப் பிரித்து, ஒன்றில் மேயும்போது மற்றொன்றில் புல் வளர விடுவர். கூலிக்கு மேய்ப்பவனும் வேண்டா, வேலியே காவல்.

இப்புல்லில் வளர்ந்ததே காங்கேயம் மாடு. கன்று செந்நிறமாகப் பிறந்து, ஏறத்தாழ ஆறு திங்களில் சாம்பல் நிறம் எய்தும். காளைக்குத் திமிலும் கழுத்தும் கருமை கொள்ளும். இவ்வினத்தைப் பேணியதில் பழையகோட்டைப் பட்டக்காரர்களுக்குப் பெரும் பங்குண்டு. சித்திரையில் கூடும் கண்ணபுரம் மாட்டுச் சந்தையும் இதனாலேயே புகழ் பெற்றது.

அக்காலத்தில் கிணற்றுப் பாசனம் முழுவதும் எருதுகளின் தோள்மீது நின்றது. கவலையில் பூட்டிய எருதுகள் சரிவில் இறங்க, தோற்பறி நீரோடு மேலே வரும். அவை பின்னடைந்து மேடேற, வெறும் பறி கிணற்றுள் இறங்கும். என் தந்தையார் விடியுமுன் கவலை ஓட்டிய ஓசையில்தான் நான் கண் விழிப்பேன். 1932-இல் பைக்காரா மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோவை வட்டாரத்துக் கிணறுகளுக்கு மின்சாரம் சிறிது சிறிதாக வந்தது. எங்கள் கிணற்றுக்கும் ஒருநாள் வந்தது. எருதுகளின் கழுத்துப்புண் ஆறியது. அவற்றின் வேலையும் போயிற்று. பின்னர் உழவு இயந்திரம் வந்தது. மின்சாரத்தைக் குறை கூறேன்; அதனால்தான் எனக்குப் பள்ளி செல்லப் பொழுது கிடைத்தது.

இன்று ஊரில் அரிசி ஆலைகளும் தேங்காய் எண்ணெய் ஆலைகளும் பெருகியுள்ளன. பலருக்குப் பிழைப்பு உண்டு. ஆனால் சாலையோரக் கொறங்காடுகள் மனைகளாகின்றன. எனக்கு வந்த நான்கு ஏக்கருக்கும் விலை பேசினர். கோவையில் பணியிலிருக்கும் மகன், "புல்லை வைத்து என்ன செய்வது, அப்பா?" என்றான். முப்பது ஆண்டுகள் பிறர் பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பித்த நான், அவனுக்கு உடனே விடை கூற இயலாது நின்றேன். விற்றால் வரும் தொகை பெரிது. மேய்ச்சற் குத்தகை சிறிது. அக்கணக்கில் அவன் சொல்வதே சரி.

எனினும் காளை இனத்தைக் காக்க வேண்டுமென்று 2017-இல் தமிழகமெங்கும் இளைஞர் திரண்டனர் அல்லவா? அக்காளை உண்ணும் புல்லுக்கு இடம் வேண்டாவா? இவ்வாடியில் என் வேலியின் இடைவெளிகளில் கிளுவைப் போத்துகளை நட்டேன். மகன் வந்து கண்டான். ஒன்றும் கூறாமல் மண்வெட்டியை எடுத்து, எஞ்சிய குழிகளைத் தோண்டினான்.