இன்ஷியலுக்குப் பக்கத்தில் ஓர் இடைவெளி

கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு எந்தப் பக்கம் இறங்கினாலும் ஒரு லேஅவுட் கண்ணில் படும். மனை பிரித்து, ரோடு விட்டு, கல் நட்டிருப்பார்கள். வீடு ஒன்றுகூட எழும்பியிருக்காது. சாஃப்ட்வேர் புராஜெக்டுக்கான எலும்புக்கூடும் அப்படித்தான். நிரல் இங்கே, சோதனைகள் அங்கே என்று ஃபோல்டர்கள் மட்டும் காத்திருக்கும். கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்ததும் அதை உருவாக்கித் தருவது இன்ஸ்டாலர் ஸ்கிரிப்ட். 2004-ல் வந்த ரூபி ஆன் ரெயில்ஸ் இந்தச் சுகத்தை நிறையப் பேருக்குப் பழக்கியது. பைத்தான்காரர்களுக்கு 2013 முதல் குக்கீகட்டர் இருக்கிறது.

பொத்தேரிப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் மாலையில் என்னிடம் நிரல் கற்க வருகிறார்கள். அவர்களுக்காக, கறுப்புத் திரையின் கட்டளைகளை நிறைவேற்றும் ஷெல்லின் மொழியில் அப்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஃபோல்டர் போடுவது நாலைந்து வரி. மற்ற வரிகள் எல்லாம் அடுத்தவர் கம்ப்யூட்டரைக் கெடுக்காமல் இருப்பதற்கு.

முதல் எதிரி, நம் பெயர். இன்ஷியல், ஓர் இடைவெளி, பிறகு பெயர். விண்டோஸில் பயனர் ஃபோல்டரே 'கே குமார்' என்று இருக்கும். மேற்கோள் குறி போடாமல் விட்டால் ஷெல் அதைக் கே வேறு, குமார் வேறு என்று இரண்டாக எடுத்துக்கொள்ளும். உருவாக்கும்போது நடந்தால் வெறும் தொல்லை. அழிக்கும்போது நடந்தால் போச்சு. 2011-ல் பம்பிள்பீ என்ற லினக்ஸ் மென்பொருளின் இன்ஸ்டால் ஸ்கிரிப்டில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். அழிக்கவேண்டிய ஃபோல்டரின் முகவரியில் 'யுஎஸ்ஆர்' என்பதற்குப் பின்னால் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்திருந்தது. உள்ளே இருந்த சின்ன ஃபோல்டருக்குப் பதில், பெரும்பாலான நிரல்கள் குடியிருக்கும் யுஎஸ்ஆர் முழுவதையுமே அது துடைக்கப் போய்விட்டது.

என் ஸ்கிரிப்ட் புராஜெக்டின் பெயரை வாங்கியதும், கம்ப்யூட்டரில் 'கிட்' (Git), பைத்தான் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்க்கும். இல்லாவிட்டால் எது இல்லை என்று தமிழில் சொல்லிவிட்டு நிற்கும். எல்லாவற்றையும் முதலில் ஒரு தற்காலிக ஃபோல்டரில் கட்டி, முழுதாக முடிந்தபிறகே உரிய இடத்துக்கு நகர்த்தும். நடுவில் கன்ட்ரோல்-சி அடித்தாலும் 'ட்ராப்' கட்டளை அந்தத் தற்காலிகக் குப்பையை அள்ளிவிடும்.

ஸ்கிரிப்டை இணையத்திலிருந்து இறக்கி அப்படியே ஷெல்லுக்குள் கொட்டும் வழக்கம் ஒன்று உண்டு. ஹாஸ்டல் வைஃபையை நம்பி அதைச் செய்தால், பாதி வந்து அறுந்த ஸ்கிரிப்டும் வந்தவரைக்கும் ஓடிவிடும். அதனால் வேலை முழுவதையும் ஒரே ஃபங்ஷனுக்குள் அடைத்து, அதைக் கூப்பிடும் வரியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். கடைசி வரி வந்து சேராவிட்டால் எதுவுமே ஓடாது.

அதே பெயரில் ஏற்கெனவே ஃபோல்டர் இருந்தால் ஸ்கிரிப்ட் தொடாமல் திரும்பிவிடும். "மேலேயே எழுதிட ஒரு ஆப்ஷன் வைங்க சார்" என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வைக்கிற உத்தேசம் இல்லை. பழையது வேண்டாமென்றால் அவர்களே போய் அழித்துவிட்டு வரட்டும்.