மாம்பூ காலத்துத் தேனில் எதைத் தேட வேண்டும்?

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் மாமரம் பூக்கத் தொடங்கியதும் தத்துப்பூச்சியும் வந்துவிடும். பின்னாலேயே தெளிப்பான்கள் தோட்டத்துக்குள் இறங்கும். இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம், லாம்டா சைஹாலோத்ரின் ஆகியவை மாமரத்துக்கு அனுமதிக்கப்பட்ட மருந்துகள். அதே வாரங்களில் மலைத்தேனீயும் பெட்டித் தேனீயும் பூ தேடிப் பறக்கின்றன. தெளித்த மருந்தில் எவ்வளவு தேனுக்குள் வந்தது என்பதை நாக்கும் கண்ணும் சொல்லாது. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும், அதுவும் சரியாகக் கேட்டால் மட்டுமே.

தனி வரம்பு வகுக்கப்படாத பூச்சிக்கொல்லிக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் பொது எல்லை, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். நூறு டன் தேனில் ஒரு கிராம் மருந்து என்ற அளவு இது. தேனிலோ ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. அப்படியே கருவிக்குள் விட்டால் சர்க்கரை அடைத்துக்கொள்ளும், மருந்தின் தடயம் அதில் மறைந்துபோகும்.

இதற்கு 2003இல் அனஸ்டாசியாடெஸ், லெஹோட்டே முதலானோர் வெளியிட்ட ‘குவெச்சர்ஸ்’ முறை இன்று உலகெங்கும் வழக்கில் இருக்கிறது. சில கிராம் தேனைத் தண்ணீரில் கரைத்து, அசிட்டோநைட்ரைல் ஊற்றிக் குலுக்குவார்கள். மெக்னீசியம் சல்பேட்டும் உப்பும் சேர்த்ததும் நீர் ஒரு அடுக்காகவும் கரைப்பான் ஒரு அடுக்காகவும் பிரியும். சர்க்கரையின் பெரும்பகுதி நீரிலேயே தங்க, மருந்து மேலே கரைப்பானுக்கு ஏறும். மிஞ்சிய சர்க்கரையையும் அமிலங்களையும் அமீன் கலந்த ஒரு தூள் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து கருவி. இமிடாகுளோபிரிட் போல நீரில் கரைபவற்றுக்குத் திரவ குரோமட்டோகிராபி. சைஹாலோத்ரின், பழைய குளோரின் மருந்துகள் போன்றவற்றுக்கு வாயு குரோமட்டோகிராபி. இரண்டின் முடிவிலும் மூலக்கூறை எடைபோடும் கருவி இருக்கும். இமிடாகுளோபிரிட் 256 என்ற எடையில் உள்ளே நுழைந்து, உடைக்கப்பட்டதும் 209, 175 என்ற துண்டுகளைக் காட்டும். இரு துண்டுகளும் உரிய விகிதத்தில், உரிய நேரத்தில் தென்பட்டால்தான் ‘இருக்கிறது’ என்று எழுதலாம். முறையைச் சோதிக்க, மருந்தில்லாத தேனில் தெரிந்த அளவு மருந்தைக் கலந்து அளப்பார்கள். அதில் 70 முதல் 120 சதவீதம் திரும்பக் கிடைக்க வேண்டும்.

தேன் மட்டும் பார்த்தால் போதாது. பூந்தூளில் எச்சம் பெரும்பாலும் தேனைவிடக் கூடுதலாக இருக்கும். மெழுகோ கொழுப்பில் கரையும் மருந்துகளை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைக்கும். பழைய மெழுகை உருக்கிப் தேனீ அடை கட்டுவதற்கான புதிய மெழுகுத்தாள் செய்யும்போது பழைய விஷமும் கூடவே வருகிறது. பழைய குளோரின் மருந்தான எச்.சி.எச். இந்தியாவில் 1997இல் தடைசெய்யப்பட்டது. ஆனால் 2008இல் வெளியான இமாசலப் பிரதேசத் தேன் ஆய்வொன்றில் அதிகம் தென்பட்டது அதுவே. உலகத் தேன் மாதிரிகள் 198ஐ ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், நான்கில் மூன்று பங்கு மாதிரிகளில், இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம் அடங்கிய நியோநிகோட்டினாய்டு வகை மருந்து ஒன்றாவது இருந்தது.

வாங்குவோர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ‘கண்டறியப்படவில்லை’ என்ற சான்றுக்கு, பட்டியலில் இருந்த மருந்துகள் அளவிடக்கூடிய எல்லைக்கு மேல் இல்லை என்பதே பொருள். பட்டியலில் தயாமீத்தாக்சம் இருந்து, அது சிதைந்து உருவாகும் குளோதியானிடின் இல்லாவிட்டால் சான்று பாதிதான். 2020இல் ஊரெல்லாம் பேசப்பட்ட என்.எம்.ஆர். சோதனை சர்க்கரைப் பாகுக் கலப்படத்தைத் தேடுவது. மருந்தெச்சத்துக்கு அது உதவாது. ‘என்.எம்.ஆர். தேர்ச்சி’ என்ற விளம்பரத்தை நஞ்சில்லாத தேன் என்று படிக்கக் கூடாது.

தேனுக்கான நவீன ஆய்வகம் ஒன்று 2020 ஜூலையில் திறக்கப்பட்டது வெகுதொலைவில், குஜராத்தின் ஆனந்தில். தொலைவைவிட முக்கியமானது, மாதிரியோடு போகும் தகவல். எந்தத் தோட்டம், எந்த வாரம், என்ன மருந்து என்று தேனீ வளர்ப்போரே, ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். தெளிக்கும் நாளை முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லுங்கள், தோட்டக்காரர்களே. பூக்காலம் முடிந்ததும் தேன், பூந்தூள், மெழுகு மூன்றிலும் மாதிரி எடுக்கும் வேலையைத் தோட்டக்கலைத் துறை ஏற்க வேண்டும்.