வெற்றிடங் காக்கும் வால்வு

விரைந்தோடும் மோட்டார் வண்டியை ஒரு காலின் அழுத்தத்தால் நிறுத்திவிடுகின்றோம். அக்காலுக்கு நேரே துணைநிற்பது எஞ்சினன்று, நம்மைச் சூழ்ந்துள்ள வளிமண்டலமே என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. அத்துணையைக் காத்துவைக்கும் சிறு கருவியொன்றே ஈண்டு ஆராயப்படுகின்றது.

பெற்றோல் எஞ்சினில் முசலம் கீழிறங்கும்போது உருளைக்குள் வளி புக முற்படுகின்றது. ஆனால், வண்டி நிற்க எஞ்சின் மெதுவாக ஓடும்பொழுது, வளி புகும் வழியிலுள்ள திரொட்டில் தகடு பெரும்பாலும் மூடியேயிருக்கும். ஆகவே அத்தகட்டுக்கும் உருளைகளுக்கும் இடைப்பட்ட குழாயில் அமுக்கம் குறைகின்றது. வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 30 அங்குல இரசம். குழாயிலோ அதனினும் 18 முதல் 20 அங்குலம்வரை குறைந்திருக்கும். முழு வெற்றிடமன்றாயினும் இதனையே வெற்றிடம் என வழங்குகின்றோம்.

பிறேக்கு மிதிக்கு முன்னாலுள்ள வட்டக் கலத்தை ஒரு மென்றகடு ஈரறைகளாகப் பிரிக்கின்றது. மிதியை அழுத்தாதபோது இரண்டிலும் வெற்றிடமே உண்டு. அழுத்தியவுடன் பின்னறைக்குள் வெளிவளி புகுந்து மென்றகட்டை முன்தள்ளும். 10 அங்குல விட்டமுள்ள மென்றகட்டின் பரப்பு ஏறத்தாழ 78 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 9 இறாத்தல் வேறுபாடாயின் விசை ஏறத்தாழ 700 இறாத்தலாகும்! வெற்றிடம் ‘இழுக்கின்றது’ என மாணவர் எழுதுவது பிழை, வளிமண்டலமே தள்ளுகின்றது.

எனினும், திரொட்டில் முற்றாகத் திறந்ததும் குழாயின் வெற்றிடம் அநேகமாக மறைந்துவிடும். எஞ்சின் நின்றால் சிறிதும் இராது. அவ்வேளை வளி கலத்துட் பின்னோக்கிப் பாயுமாயின், வேண்டிய கணத்திலேயே துணை இல்லாதொழியும். இதனைத் தடுப்பதே ஒருவழி வால்வின் கடமை. அதனுள்ளே மெல்லிய தட்டொன்றை மெலிந்த வில் இருக்கையிற் பொருத்தி வைத்திருக்கும். எஞ்சின் பக்கத்து அமுக்கம் குறைந்தாற் கலத்து வளி தட்டை விலக்கி வெளியேறும். கூடினால் அவ்வமுக்கமே தட்டை இறுக மூடும். சைக்கிள் வால்வும் நம் இதயத்தின் வால்வுகளும் இம்முறையினவே.

மிதிக்குந்தோறும் வெளிவளி புகுவதால், சேமித்த வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளுக்கே போதும். பெற்றோலை மிச்சப்படுத்தவென்று இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி வண்டியை உருளவிடுவோர் இதனைக் கருதுதல் வேண்டும். அதன்பின் பிறேக்கு அற்றுப்போவதில்லை. ஆனால் மிதி கல்லாய் இறுகும், கால்வலிமை ஒன்றே எஞ்சும்.

வால்வைச் சோதித்தல் எளிது. எஞ்சினைச் சற்று ஓட்டி நிறுத்திச் சில நிமிடங் கழித்து மிதித்துப் பார்க்கலாம். முதன்மிதி மென்மையாயின் குறையில்லை. கடினமாயின் எங்கோ வளி புகுகின்றது. வால்வைக் கழற்றிக் கலத்துப் பக்கத்தால் ஊதினாற் காற்றுச் செல்லவேண்டும். எஞ்சின் பக்கத்தால் ஊதினாற் செல்லலாகாது.

டீசல் வண்டிகளில் இத்துணை வெற்றிடம் எஞ்சினிற் கிடைப்பதில்லை. ஆதலின் தனிப் பம்பியொன்று வெற்றிடத்தை ஆக்கும். அதனைக் காப்பதற்கு ஆங்கும் ஒருவழி வால்வே உண்டு.