மருத்துவர் இருக்கும் நேரம் யாருடைய நேரம்? சேர்வராயன் மலையில் சிகிச்சை உரிமை

மருத்துவம் மறுக்கப்பட்டது என்றால், வாசலில் நின்று ஒருவர் தடுத்தார் என்றே நாம் பெரும்பாலும் புரிந்துகொள்கிறோம். அவ்வாறு நடந்த வரலாறு நமக்கு உண்டு. அண்ணல் அம்பேத்கர் தம் ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’ குறிப்புகளில், 1929 டிசம்பர் 12 நாளிட்ட ‘யங் இந்தியா’ இதழில் வெளியான கடிதம் ஒன்றை எடுத்துக்காட்டுகிறார். கத்தியவாரில் தீண்டப்படாத சமூகத்து ஆசிரியர் ஒருவரின் மனைவி, பிள்ளை பெற்ற சில நாள்களில் நோயுற்றார். சேரிக்குள் வர மறுத்த மருத்துவர், வெளியே கொண்டுவரப்பட்ட அப்பெண்ணைத் தொடவும் மறுத்தார். வெப்பமானி ஓர் இசுலாமியர் கைவழியாகக் கணவரிடமும், கணவர் வழியாக நோயாளியிடமும் சென்றது. அப்பெண் இறந்துபோனார்.

அத்தகைய மறுப்பைத் தண்டிக்க இன்று சட்டம் உண்டு. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 5, தீண்டாமையின் பேரில் மருத்துவமனையில் அனுமதி மறுப்பதைக் குற்றமாக்கியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு படி மேலே சென்று, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் மருத்துவமனைக்குள்ளோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளோ நுழைவதைத் தடுப்பதைப் பிரிவு 3(1)(இசட்ஏ)-இன்கீழ் வன்கொடுமையாக வரையறுத்தது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இயலும்.

ஆனால் குற்றவியல் சட்டத்துக்கு ஒரு குற்றவாளி தேவை. காலி நாற்காலியின்மீது முதல் தகவல் அறிக்கை பதிய இயலாது. மலையூர்களில் நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவே நிற்பவை பெரும்பாலும் தொலைவு, நேரம், கூலி ஆகிய மூன்றே. இவற்றுக்குச் சாதிப் பெயர் இல்லை. ஆயினும் இவற்றால் தடுக்கப்படுவோர் யார் என்று கேட்டால், விடையில் சாதி வந்து நிற்கிறது.

மலையின் கணக்கு

ஏற்காடு சேலத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகள். வெள்ளக்கடை, மாரமங்கலம், செம்மநத்தம், நாகலூர் உள்ளிட்ட ஊராட்சிகளின் சிற்றூர்கள் மலை முழுதும் சிதறிக் கிடக்கின்றன. மக்களில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். காப்பித் தோட்டங்களில் அவர்களோடு பட்டியல் சாதித் தொழிலாளரும் உழைக்கின்றனர். ஏற்காடு நகரில் அரசு மருத்துவமனை உண்டு. உயர்சிகிச்சை வேண்டுமெனில் மலையிறங்கிச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே செல்லவேண்டும்.

அரசு நிலையங்களில் முன்பதிவு என்பது நடைமுறையில் காலையில் வரிசையில் நின்று வாங்கும் புறநோயாளிச் சீட்டுதான். தோட்டத்தில் வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதப்படும் நேரமும் காலைதான். இரத்தக் கொதிப்புள்ள ஒரு தொழிலாளிப் பெண், பழம் பறிக்கும் பருவத்தில் சீட்டு வாங்கச் சென்றால் அன்றைய கூலியை இழக்கிறார். பேருந்துக் கட்டணம் தனி. அன்று மருத்துவர் இல்லையெனில் மற்றொரு நாள் கூலியும் போகும். இலவச மருத்துவத்துக்கு அவர் கொடுக்கும் விலை இது. ஆகவே அவர் நோய் முற்றும்வரை காத்திருக்கிறார். பின்னர் அதனை ‘விழிப்புணர்வின்மை’ என்று அறிக்கைகள் எழுதுகின்றன.

பிரிட்டனில் வேல்ஸ் நாட்டின் சுரங்கத் தொழிலாளர் ஊரொன்றில் பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971இல் ‘லான்செட்’ இதழில் இதனை ஒரு விதியாகவே வகுத்தார். மருத்துவத் தேவை மிகுந்த இடத்தில் நல்ல மருத்துவம் குறைந்தே கிடைக்கிறது என்பதே அவ்விதியின் சாரம். சுரங்க ஊருக்குப் பொருந்தியது தோட்ட மலைக்கும் பொருந்துகிறது.

அரசு ஏற்றுக்கொண்ட உண்மை

மலைக்கு வேறு அளவுகோல் வேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்டுள்ளது. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்றால், மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 20,000 பேருக்கு ஒன்று. துணை சுகாதார நிலையம் 5,000 பேருக்குப் பதிலாக 3,000 பேருக்கு ஒன்று. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. தொலைவைக் கடக்கும் பொறுப்பு நோயாளியுடையது மட்டுமன்று என்ற கொள்கையே இத்திட்டத்தின் அடிப்படை.

எனினும் தலைக்கணக்கு நடைதூரத்தை அளப்பதில்லை. மாத்திரைப் பை பாம்புக்கடிக்கும் பேறுகால வலிக்கும் உதவாது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒரு பெண்குழந்தை இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் வழியிலேயே நின்றுவிட, உடலைத் தாய் சுமந்து நடந்தார். அங்கு வாழ்வோரும் மலைவாழ் பழங்குடி மக்களே.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலாவது, அரசியலமைப்பு. 1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து காயமுற்ற தொழிலாளர் ஒருவரைப் பல அரசு மருத்துவமனைகள் திருப்பியனுப்பின. ‘பஸ்ச்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி’ வழக்கில் 1996இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உரிய நேரத்தில் சிகிச்சை அளிக்கத் தவறுவது 21ஆம் உறுப்பு வழங்கும் வாழ்வுரிமையை மீறுவதாகும் என்றது. 25,000 ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. நிதியில்லை என்று கூறி அரசு இக்கடமையைக் கைவிட இயலாது என்றும் தெளிவுபடுத்தியது.

இரண்டாவது, தொழிலாளர் சட்டம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், பிரிவு 10, தொழிலாளருக்கும் குடும்பத்தினருக்கும் எளிதில் கிடைக்கும்படி மருத்துவ வசதி அளிப்பதைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கியது. தவறினால் தலைமை ஆய்வாளரே அவ்வசதியை ஏற்படுத்தி, செலவை உரிமையாளரிடம் வசூலிக்கவும் வழிசெய்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இது பிரிவு 92 ஆகத் தொடர்கிறது. ஆனால் உரிமையாளர் நேரடி வசதிக்குப் பதிலாக இ.எஸ்.ஐ. காப்பீடு அளித்தாலும் போதும் என்கிறது புதிய சட்டம். மலைமேல் இ.எஸ்.ஐ. மருந்தகம் இல்லாமல் அட்டை மட்டும் கிடைத்தால், தொழிலாளி மீண்டும் மலையிறங்கவேண்டும். ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டங்களின் தொழிலாளருக்கோ பழைய சட்டமும் பொதுவாகக் கைகொடுத்ததில்லை.

மூன்றாவது, ஓர் இடைவெளி. தமிழ்நாட்டில் எந்தப் பகுதியும் ஐந்தாம் அட்டவணையின்கீழ் அறிவிக்கப்படவில்லை. பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழ்ந்தும், சட்டமன்றத் தொகுதி அவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தும், பெசா சட்டம் கிராம சபைக்கு அளிக்கும் சிறப்பு அதிகாரங்கள் ஏற்காட்டுக்கு இல்லை.

நாம் செய்ய வேண்டியவை

காலி நாற்காலியை வழக்காக்க முதலில் அதனைப் பதிவாக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நான்கு கேள்விகள் போதும்: ஒவ்வொரு நிலையத்துக்கும் அனுமதிக்கப்பட்ட மருத்துவர், செவிலியர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை? கடந்த ஆறு மாத வருகைப் பதிவேட்டின் நகல் என்ன? நாள்தோறும் புறநோயாளிகள் எத்தனை பேர்? பாம்புக்கடி மருந்தின் இருப்பு எவ்வளவு? 30 நாள்களுக்குள் பதில் தரவேண்டும்.

அப்பதில்களோடு கிராம சபைக்குச் செல்வோம். மருத்துவர் இருக்கும் நாளும் நேரமும் பலகையில் எழுதப்படவேண்டும். அறுவடைப் பருவத்தில் மாலை நேரப் புறநோயாளிப் பிரிவு வேண்டும். தோட்டக் குடியிருப்புகளுக்கு வாரம் ஒரு குறித்த நாளில் மருத்துவர் வரவேண்டும். இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பலாம். நோயாளர் நலச் சங்கத்தில் தோட்டத் தொழிலாளருக்கு இடம் கேட்கலாம். பலனில்லையெனில், இப்பதிவுகளே 226ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் பேராணை மனுவுக்குச் சான்றாகும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் வழக்கறிஞர் கிடைப்பார்.

கல்லூரி மாணவர்கள் ஒரு வாரம் செலவிட்டு ஒரு நிலையத்தின் நேரத்தையும், அதற்கு வரும் பேருந்தின் நேரத்தையும், தோட்டத்தின் வேலை நேரத்தையும் ஒரே தாளில் எழுதினாலே போதும். மூன்றும் எங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன என்பது அந்தத் தாளில் தெரிந்துவிடும். நம் கோரிக்கை மனுவின் முதல் இணைப்பு அதுவாகவே இருக்கட்டும்.