நூலும் மதிப்பும்: அனி அல்பேர்ஸின் நெசவுக்கலை பற்றி ஒரு நோக்கு

துணியின் புறப்பரப்பு மென்மையாகவோ சொரசொரப்பாகவோ அமைவதனை நாம் பெரும்பாலும் அலங்காரத்தின்பாற்பட்டதாகவே கருதுகின்றோம். இழையமைப்பு எனப்படும் இப்பண்பு, உண்மையில் மூலப்பொருளும் உழைப்பும் சந்திக்குமிடத்தே பிறப்பது. பேர்லினிற் பிறந்த நெசவுக் கலைஞர் அனி அல்பேர்ஸின் (1899–1994) பணி இதனைத் தெளிவுறுத்துகின்றது. நெசவாளருக்குக் கலையுலகு அளித்த இடம் யாது என்னும் வினாவையும் எழுப்புகின்றது.

1919இல் வைமார் நகரில் நிறுவப்பட்ட பௌஹவுஸ் கலைக்கூடம் ஆண், பெண் இருபாலாரையும் சேர்த்துக்கொண்டது. எனினும், நடைமுறையிற் பெண்கள் பெரிதும் நெசவுப் பட்டறைக்கே அனுப்பப்பட்டனர். 1922இல் அங்கு சேர்ந்த அனியும் விரும்பித் தறியை நாடியவரல்லர். ஆயினும், தமக்கு ஒதுக்கப்பட்ட மூலையையே அவர் ஆய்வுக்களமாக்கினார்.

பாவும் ஊடையும் ஒன்றையொன்று கடக்கும் முறையும் நூலின் தன்மையுமே துணியின் பரப்பை நிர்ணயிக்கின்றன. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கடப்பின் பரப்புச் சமனாகும். ஊடை பல பாவிழைகளைத் தாண்டி மிதப்பின் அவ்விடம் ஒளிரும். 1930இல் அனி தமது பட்டயத்துக்காக நெய்த சுவர்த்துணி இவ்வறிவின் பயனாகும். பேர்ணாவில் ஜேர்மன் தொழிற்சங்கங்கள் அமைத்த பாடசாலையின் மண்டபத்துக்கென உருவான அத்துணியின் ஒருபுறம் செனில் நூல் ஒலியை உறிஞ்சியது. மறுபுறம் செலோபேன் ஒளியைத் தெறிக்கச் செய்தது. தொழிலாளர் கூடிப் பேசும் மண்டபத்தின் தேவையே இங்கு இழையமைப்பைத் தீர்மானித்தது என்பது நமது கவனத்துக்குரியது.

1933இல் நாசிகளின் நெருக்குதலாற் பௌஹவுஸ் மூடப்பட்டது. யூத வழியினரான அனி, கணவர் ஜோசப்புடன் அமெரிக்கா சென்று, வட கரோலினாவின் பிளாக் மவுண்டன் கல்லூரியிற் கற்பித்தார். சோளமணி, புல், முறுக்கிய தாள் முதலியவற்றாற் பரப்புக்களை ஆக்கிப் பார்க்கும் பயிற்சிகளும் அவரது முறையில் இடம்பெற்றன. 1949இல் நியூயோர்க் நவீன கலை அரும்பொருளகம் அவரது ஆக்கங்களைத் தனிக் காட்சியாக வைத்தது. நெசவாளர் ஒருவருக்கு அங்கு கிடைத்த முதல் தனிக்காட்சி அதுவே. ஹாவாட் பல்கலைக்கழக விடுதிக்கும் ‘நோல்’ நிறுவனத்துக்கும் அவர் துணிகளை வடிவமைத்தார். 1965இல் வெளியிட்ட நெசவு பற்றிய நூலைப் பண்டைய பெரு நாட்டு நெசவாளருக்கே, தம் ஆசிரியர்களென, உரித்தாக்கினார்.

இத்தனைக்குப் பின்னரும் தடை முற்றாக நீங்கவில்லை. 1963 முதல் அவர் அச்சுக்கலையில் ஈடுபட்டு, காலப்போக்கில் தறியைக் கைவிட்டார். தாளிற் செய்த ஆக்கங்கள் நூலாற் செய்தவற்றினும் எளிதிற் கலையென ஏற்கப்பட்டதை அவரே உணர்ந்திருந்தார். கை ஒன்றே, சிந்தனையும் ஒன்றே, மாறியது பொருள் மாத்திரமே.

எனவே, கைவினை, கலை என்னும் பிரிவு ஆக்கத்தின் தரத்தை அளப்பதன்று. யார், எதனைக் கொண்டு, எவரது பயனுக்காகச் செய்தார் என்பதனையே அளப்பது. உழைப்பைப் போற்றுவதாகக் கூறும் நாமும் இவ்வளவுகோலையே கையிற் கொண்டிருக்கின்றோமா என்பதனை நமது விமர்சனம் முதலிற் பரிசீலித்தல் வேண்டும்.