படகுல கேஸ் ஃப்ரிட்ஜ் குளிரலையா? புதுசு வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

ரிப்பேர் பண்ணலாமா, புதுசே வாங்கிடலாமா? இந்தக் கேள்விக்கு இன்னைக்கு நாம எடுத்துக்கிற உதாரணம் கொஞ்சம் விசித்திரமானது: இங்கிலாந்து கால்வாய்ல மிதக்குற வீட்டோட கேஸ் ஃப்ரிட்ஜ்.

லண்டன்ல வாடகை கட்டுப்படியாகாம, நேரோபோட்ங்கிற ஒடுக்கமான படகுல குடியிருந்துக்கிட்டே ஆபீஸ் போறவங்க இருக்காங்க. நிரந்தரமா நிறுத்த இடம் எடுக்காத படகு, 1995 சட்டப்படி பொதுவா 14 நாளுக்கு மேல ஒரே இடத்துல நிற்கக் கூடாது. கரையிலிருந்து கரண்ட்டும் கிடைக்காது. அதனாலதான் சில படகுகள்ல கேஸ் ஃப்ரிட்ஜ்.

நெருப்பு எரிஞ்சா எப்படிக் குளிரும்? 1922ல் ஸ்வீடன்ல ரெண்டு மாணவர்கள், பால்ட்ஸர் ஃபான் பிளாட்டனும் கார்ல் முன்டர்ஸும், கண்டுபிடிச்ச முறை இது. சின்ன தீ, தண்ணியில கரைஞ்ச அம்மோனியாவைப் பிரிக்குது. அது திரவமாகி, ஹைட்ரஜன் இருக்குற குழாய்ல ஆவியாகும்போது உள்ள இருக்குற சூட்டை இழுத்துக்குது. கம்ப்ரசரே கிடையாது. அதனால குளிரலைன்னா, பல நேரம் கோளாறு ஃப்ரிட்ஜுக்கு வெளியிலதான்!

முதல்ல காசே ஆகாத சோதனைகள். அடுப்பைப் பத்த வைங்க. அதுவும் எரியலைன்னா பிரச்சனை சிலிண்டர்ல. பியூட்டேன் சிலிண்டர்னா, குளிர் பூஜ்யம் டிகிரிக்கு இறங்கும்போது உள்ள கேஸ் இருந்தாலும் வெளியே வராது. புரோபேன் மைனஸ் 42 வரைக்கும் ஆவியாகும், குளிர்காலத்துக்கு அதுதான் சரி.

அடுத்து, படகு சாய்ஞ்சிருக்கா? உள்ள இருக்குற திரவம் தன் எடையாலதான் கீழே ஓடுது. கரையோரம் ஆழமில்லாத இடத்துல படகு தரைதட்டிச் சாய்ஞ்சா ஓட்டம் நின்னுடும். பல நேரோபோட்ல தண்ணி டேங்க் முன்பக்கம் இருக்கும், அது காலியாக ஆக மூக்கு மேல தூக்கும். படகை நகர்த்தினாலோ டேங்கை நிரப்பினாலோ சரியாகிடலாம். செலவு பூஜ்யம்.

பட்டனை விட்டதும் தீ அணையுதா? பத்தவெச்ச பிறகு அரை நிமிஷம் அழுத்திப் பிடிச்சுப் பாருங்க. அப்பவும் நிக்கலைன்னா தெர்மோகப்பிள் மேல சந்தேகப்படலாம், சின்ன பாகம்தான். தீ நீலமா இல்லாம மஞ்சளா எரிஞ்சா பர்னர்லயோ புகைபோக்கியிலயோ அடைப்பு இருக்கலாம். உடனே அணைச்சிடுங்க, கார்பன் மோனாக்சைடு வரும்.

இங்க ஒரு கோடு போட்டுக்கணும். பார்க்கிறது நீங்க, கழட்டுறது நீங்க இல்ல. இந்த கேஸ் காத்தை விட கனமானது. வீட்டுல கசிஞ்சா கதவு வழியா வெளியேற வாய்ப்பு உண்டு. படகு கிண்ணம் மாதிரி, அடியில தேங்கிடும், ஒரு பொறி போதும். குடியிருக்கிற படகுல கேஸ் வேலையை, படகுக்குத் தகுதி பெற்ற கேஸ் சேஃப் பதிவு உள்ளவர்தான் செய்யணும். அந்தக் கூலியில மிச்சம் பிடிக்காதீங்க.

அம்மோனியா நெடி அடிச்சாலோ, பின்பக்கக் குழாய்ல மஞ்சள் பொடி படிஞ்சிருந்தாலோ குளிர்விக்கும் பகுதியே போச்சு. அப்பதான் புதுசு பத்தின பேச்சு.

"12 வோல்ட் ஃப்ரிட்ஜ் வாங்கிட்டா கேஸ் செலவே இல்லையே"ன்னு நினைப்பீங்க. அது ஒரு நாளைக்குச் சுமாரா 30, 40 ஆம்ப்-அவர் இழுக்கும். 100 ஆம்ப்-அவர் லெட்-ஆசிட் பேட்டரியில பாதியைத்தான் நிம்மதியா எடுக்கலாம். ஆக ஃப்ரிட்ஜ் விலையோட பேட்டரி, சோலார் பேனல், வயரிங் எல்லாத்தையும் கூட்டுங்க. இங்கிலாந்து டிசம்பர்ல வெயிலும் பேருக்குத்தான், இன்ஜினை ஓட்டித்தான் சார்ஜ் ஏத்தணும், டீசல் கணக்கும் சேரும். அந்தக் கணக்கை அடுத்த வீடியோவுல போட்டுக் காட்டுறோம்.